நடந்து செல்வோருக்கு வழி சமைத்த கிளாரன்ஸ் ஸ்ரைன்

நியூ ஜேர்சி மாநிலத்தின் நெடுஞ்சாலையோரங்களிற் குடியேறிய நம்மவர் பலர், கண்ணெதிரே தெரியும் கடைக்கும் காரிலேயே செல்ல நேர்வதை அறிவர். நடைபாதை இல்லை, வீதியைக் கடக்க வழியும் இல்லை. ஒழுங்கைகளால் நடந்தே பாடசாலைக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் சென்று பழகிய நமக்கு இது விந்தையாகவே தோன்றுகிறது. மோட்டார் யுகத்தின் தொடக்கத்திலேயே இக்குறையை உணர்ந்து, அதே மாநிலத்தில் மாற்றுவழி அமைத்துக் காட்டிய ஒருவரை இன்று நினைவுகூர்கிறோம்.

கிளாரன்ஸ் ஸ்ரைன் 1882 ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். பாரிசிற் கட்டடக்கலை பயின்று நியூயோர்க்கிலே தொழில் செய்தார். நாளடைவிற் சாதாரண மக்களுக்கு நல்ல குடியிருப்பு அமைப்பதே அவரது வாழ்நாட் பணியாயிற்று. 1923 இல் லூயிஸ் மம்போர்ட், ஹென்றி றைற் முதலியோருடன் சேர்ந்து அமெரிக்கப் பிரதேசத் திட்டமிடற் சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டு அவர்களைச் சந்திக்க வந்தவர் ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ். மதுரை, தஞ்சாவூர் நகரங்களை ஆராய்ந்து, 1921 இற் கொழும்புக்கும் திட்ட அறிக்கை எழுதிய பெரியார் அவர். அகன்ற வீதிகளுக்காகப் பழைய தெருக்களை இடிப்பதை எதிர்த்தவர்.

1920களின் இறுதியில் அமெரிக்காவில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட கார்கள் ஓடின. தெருவில் விளையாடிய சிறுவர் அவற்றுக்குப் பலியாயினர். இதற்கு விடையாகவே ஸ்ரைனும் றைற்றும் பேர்கன் கவுண்டியின் பெயர்லோன் ஊரில் றாட்பேர்ண் குடியிருப்பை வரைந்தனர். வீடுகளின் முகப்பு பூங்காவை நோக்கியது. கார்களோ மறுபுறத்து முட்டுச்சந்துகளோடு நின்றன. பூங்காக்களை இணைத்த நடைபாதை, பெருவீதியைச் சந்திக்குமிடத்திற் சுரங்கவழியாக அதன் அடியிற் சென்றது. குழந்தையொன்று எந்த வீதியையும் கடவாமலே பாடசாலையை அடையலாம்.

1929 மே மாதத்தில் முதற் குடும்பங்கள் குடிபுகுந்தன. அக்டோபரிற் பங்குச்சந்தை வீழ்ந்தது. கட்டிய நிறுவனமும் பின்னர் முறிந்தது. 25,000 பேருக்கென வரையப்பட்ட ஊரில் ஏறத்தாழ 3,000 பேருக்கே இடம் அமைந்தது.

இன்னொரு குறையையும் நாம் மறைத்தலாகாது. யூதரும் கறுப்பினத்தவரும் அங்கு வீடு வாங்காதவாறு விற்பனை முகவர்கள் விலக்கி வைத்தனர். வரைந்தவரின் இனத்தாருக்கே அவர் வரைந்த ஊரில் வரவேற்பில்லை. இடம் மறுக்கப்பட்டு வந்த நமக்கு இச்செய்தியின் கசப்பை விளக்க வேண்டியதில்லை.

ஸ்ரைன் சோர்ந்துவிடவில்லை. பிற்ஸ்பேர்க்கிலும் லொஸ் ஏஞ்சல்சிலும் அவரது கருத்து மீண்டும் உருப்பெற்றது. சண்டிகார் நகருக்கு அல்பேர்ட் மேயர் வரைந்த முதலாவது திட்டத்திலும் அதன் சாயல் படிந்தது. 1951 இற் புதிய நகரங்கள் பற்றிய தமது அனுபவங்களை நூலாக்கினார். 1956 இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் தங்கப் பதக்கம் அளித்தது. 1975 இல், 92 ஆவது வயதில் மறைந்தார்.

ஆயினும் மாநிலம் சென்ற வழி வேறு. றாட்பேர்ணுக்கு அண்மையிலுள்ள பரமசில், 1957 இல் நெடுஞ்சாலைச் சந்தியிற் பெரும் வணிக வளாகம் எழுந்தது. கார் உடையவரே வாடிக்கையாளர் என்பது நியதியாயிற்று. புகையிரத நிலையங்களைச் சுற்றி நடந்து திரியத்தக்க ஊர்களை வளர்க்கும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது 1999 இலேதான்.

இம்மாநிலத்தில் ஊர்த் திட்டமிடற் சபைகளின் விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. நம் வீதியோரத்திற் புதுக் கட்டடங்கள் எழவிருக்கும்போது நாமும் அங்கு சென்று இரு வினாக்களை எழுப்புதல் தகும். குழந்தை அஞ்சாது அங்கு நடக்க முடியுமா? எவருக்கும் அங்கு வாழ இடமுண்டா? முதல் வினாவுக்கு ஸ்ரைன் விடை தந்து சென்றார். இரண்டாவதற்கு விடை காண்பது நம் போன்றோரின் கடனாகும்.