சுரங்கத் தொழிலாளருக்காக வாதாடிய டாரோ

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1857ம் ஆண்டு பிறந்த கிளேரன்ஸ் டாரோவை, கொலை வழக்குகளில் வாதாடிய வழக்கறிஞராகவே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். ஆனால் 1894 முதல் 1911 வரை அவர் பலமுறை தொழிலாளருக்காகவும் நீதிமன்றப் படி ஏறினார்.

அதற்கு முன் சிக்காகோவில் இரயில் நிறுவனம் ஒன்றின் வழக்கறிஞராக நல்ல ஊதியம் பெற்றுவந்தார். 1894ல் புல்மன் இரயில் பெட்டித் தொழிற்சாலை கூலியைக் குறைத்தது. ஆனால், தொழிலாளர் குடியிருந்த வீடுகளின் வாடகையைக் குறைக்கவில்லை. வேலைநிறுத்தம் வெடித்தது. சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ் கைது செய்யப்பட்டபோது, டாரோ தமது முழுநேரப் பணியைத் துறந்து அவருக்காக வாதாடினார். டெப்ஸ் ஆறு மாதம் சிறைத்தண்டனை பெற்றார்.

1902ம் ஆண்டு பென்சில்வேனியாவில் 1,40,000க்கும் மேற்பட்ட நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஐந்து மாதங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அயர்லாந்து, போலந்து, லித்துவேனியா நாடுகளிலிருந்து வந்த கத்தோலிக்கர் அவர்களில் ஏராளம். அரசுத்தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் அமைத்த எழுவர் ஆணையத்தில், பியோரியா ஆயர் ஜான் லங்காஸ்டர் ஸ்பால்டிங் அவர்களும் இடம்பெற்றார். கடவுள் இருக்கிறார் என்றோ இல்லை என்றோ தம்மால் சொல்ல இயலாது என்று கருதிய டாரோ, அந்த ஆயரின் முன்னிலையில் ஏழைகளுக்காக வாதாடியதை நாம் வியப்புடன் பார்க்கிறோம்.

ஆணையத்தின் முன் 500க்கும் அதிகமானோர் சாட்சியம் அளித்தனர். சட்ட நூல்களைவிட, இம்மனிதரின் வாழ்வையே டாரோ பெரிதும் நம்பினார். விபத்தில் உடல் சிதைந்தவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கும் சிறுவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு வயது 12. சுரங்கத்தில் இறந்துபோன அவன் தந்தையின் கடனுக்காக, நிறுவனம் அவன் கூலியைப் பிடித்துக்கொண்டது. பட்டு ஆலைகளில் இரவெல்லாம் நின்று வேலைசெய்த, சுரங்கத் தொழிலாளரின் சிறுமிகளும் பேசினார்கள்.

1903 மார்ச்சில் வந்த தீர்ப்பு முழு வெற்றி அல்ல. 20 விழுக்காடு கூலி உயர்வு கேட்டவர்களுக்கு 10 விழுக்காடே கிடைத்தது. எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். பலருக்கு பத்து மணி, ஒன்பதானது. சங்கத்திற்கு ஏற்பு கிடைக்கவில்லை. என்றாலும், அச்சிறுவர்கள் சொன்னவை அரசு ஆவணத்தில் பதிவாயின.

பின்னாளைய வழக்கு ஒன்று அவரைச் சாய்த்தது. 1910ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ்க் கட்டடத்தில் சங்கத்தைச் சேர்ந்தவர் வைத்த குண்டு வெடித்தது. உயிரிழந்தவர்களும் ஊழியர்களே என்பதை நாம் மறக்க இயலாது. குற்றம் சாட்டப்பட்ட சகோதரர் இருவரும் நிரபராதிகள் என்று நம்பி, நாடெங்கும் தொழிலாளர் காசு சேர்த்து அனுப்பியிருந்தனர். மரண தண்டனையிலிருந்து அவர்களைக் காக்க, 1911 டிசம்பரில் டாரோ அவர்களைக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தார். அடுத்து, நடுவர் குழுவினருக்கு இலஞ்சம் கொடுக்க முயன்றதாக அவர்மீதே வழக்கு. ஒரு விசாரணையில் விடுதலை. மற்றொன்றில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அவர் குற்றவாளியா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கின்றனர்.

1938ல் தமது 80வது வயதில் அவர் இறந்தார். அந்த வழக்குக்குப்பின், பெரிய தொழிற்சங்கங்கள் அவரிடம் வழக்குகளைக் கொண்டுவருவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தன.