காகிதத்தில் செஸ் ஆடிய கம்ப்யூட்டர் மேதை

வண்டன்மேடு தோட்டங்களில் பறிக்கும் ஏலக்காய்க்கு இன்று புற்றடியில் கம்ப்யூட்டர் மூலம் ஏலம் நடக்கிறது. இந்த இயந்திரத்துக்கு அடிப்படையான கணக்கை 1936-ல் எழுதியவர் ஆலன் டூரிங். அவருடைய தாயார் பிறந்தது நமது போத்தனூரில்!

தாயாரின் பெயர் சாரா. அவர் தந்தை ஸ்டோனி, மதராஸ் ரயில்வேயின் தலைமை என்ஜினீயர். கணவர் ஜூலியஸ் டூரிங், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. ஆலன் 1912-ல் லண்டனில் பிறந்தார். தந்தைக்கு உத்தியோகம் இங்கே. பிள்ளைகள் அங்கே வேறொரு குடும்பத்தின் பொறுப்பில். பிழைப்புக்காகப் பிள்ளையை ஊரில் விட்டு வந்தவர்களுக்கு அந்த ஏக்கம் தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியச் சங்கேதங்களை உடைப்பதில் டூரிங் முன்னின்றார். 1948-ல் நண்பர் சாம்பர்நௌனுடன் சேர்ந்து, கம்ப்யூட்டர் செஸ் ஆடுவதற்கு ஒரு சிறிய புரோகிராம் வகுத்தார்.

சிப்பாய்க்கு மதிப்பு 1. குதிரைக்கு 3, பிஷப்புக்கு மூன்றரை, யானைக்கு 5, ராணிக்கு 10. ஒரு காயை நகர்த்தினால் எதிரி என்ன செய்வார், வெட்டுக்கு வெட்டு எதுவரை போகும் என்று பார்த்து, லாபமானதை ஆட வேண்டும். ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால், அதை ஆட இயந்திரம் வேண்டுமே! மான்செஸ்டரில் இருந்த கம்ப்யூட்டரில் ஏற்ற முயன்றார், வேலை முடியவில்லை.

எனவே தாமே கம்ப்யூட்டர் ஆனார். 1952-ல் அலிக் கிளெனி என்பவர் எதிரே உட்கார்ந்தார். டூரிங் காகிதத்தில் கணக்குப் போட்டு, விதி சொன்னபடியே காயை நகர்த்தினார். தமக்கு அதைவிட நல்ல ஆட்டம் தெரிந்தாலும் ஆடக் கூடாது. அதுதான் கஷ்டம். ராணி பறிபோகும் நிலை வந்து, 29-வது நகர்த்தலில் காகிதக் கம்ப்யூட்டர் தோற்றது.

அதே ஆண்டு, ஓர் ஆணுடன் உறவு வைத்ததாக அவர் மீது வழக்கு. அன்று அங்கே அது குற்றம். சிறைக்குப் பதில் ஹார்மோன் சிகிச்சை கொடுத்தார்கள். 1954 ஜூன் 7-ந் தேதி சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்றது விசாரணை. தாயார் ஏற்கவில்லை. விபத்து என்றே கடைசிவரை நம்பினார். மகனின் வரலாற்றை எழுதி 1959-ல் வெளியிட்டார். பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2009-ல். 55 வருடத் தாமதம்!

சின்னஞ்சிறு செஸ் புரோகிராம் எழுதும் ஆசை மட்டும் ஓயவில்லை. 1983-ல் டேவிட் ஹார்ன் வெளியிட்ட ஒன்று 672 பைட் இடத்தில் அடங்கியது. எழுத்துக் கணக்கில் பார்த்தால் ஓர் இன்லண்ட் கடிதத்தில் கொள்ளும்.

2012-ல் டூரிங் நூற்றாண்டை ஒட்டி மான்செஸ்டரில் அவருடைய விதிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவுடன் மோதவிட்டார்கள். காஸ்பரோவ் 16 நகர்த்தலில் ஜெயித்தார்.