கோட்டை மதிலிலிருந்து லண்டனுக்கு: லெனார்ட் வூல்ஃப் ஊர் திரும்பிய கதை

லண்டனில் இருக்கும் என் சித்தப்பா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை யாழ்ப்பாணம் வருவார். வந்த முதல் வாரம், இனி ஊரிலேயே வந்து இருந்துவிடப் போகிறேன் என்பார். இரண்டாம் வாரம் வெயிலைப் பற்றியும் நுளம்பைப் பற்றியும் பேச்சு வரும். மூன்றாம் வாரம் பெட்டி கட்டுவார். போன முறை வந்தபோது அவரைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மதிலின் மேல் நின்று பண்ணைக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூறு வருடங்களுக்கு முன்னர் இந்த மதிலின் மேலிருந்த ஒரு பங்களாவில் ஒரு வெள்ளைக்கார இளைஞர் குடியிருந்தார், அவரும் லண்டன்காரர்தான் என்று சொன்னேன். லெனார்ட் வூல்ஃப் என்ற பெயர் சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. மனைவியின் பெயர் வேர்ஜினியா வூல்ஃப் என்றதும் ஓரளவு பிடிபட்டது.

உலகம் அவரை ஒரு பெரிய எழுத்தாளரின் கணவராகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. நம்மவர்கள் அவரை வேறொன்றுக்காக எடுத்துப் பேசுவார்கள், அதற்குப் பிறகு வருகிறேன். என்னை இழுத்தது இரண்டும் அல்ல. வெளிநாட்டில் உத்தியோகம் பார்த்த ஒருவர் விடுமுறையில் தன் ஊருக்குப் போய், திரும்புவதா இல்லையா என்று ஒரு வருடம் தத்தளித்து, கடைசியில் எந்த உத்தரவாதமும் இல்லாமல் வேலையை எழுதிக் கொடுத்த கதை. அவருக்கு வெளிநாடு என்பது நம் நாடு.

வூல்ஃப் 1880 நவம்பர் 25ஆம் திகதி லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வழக்கறிஞரான தந்தை 1892இல் இறந்துவிட, பிள்ளைகள் நிறைந்த வீட்டில் வசதி திடீரென்று குறைந்தது. கெட்டிக்காரப் பையன். கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியில் படித்தார். லிட்டன் ஸ்ட்ரேச்சி, தோபி ஸ்டீஃபன் போன்றோர் அங்கே கிடைத்த நண்பர்கள். தோபியின் தங்கைதான் வேர்ஜினியா. சிவில் சேவைப் பரீட்சையில் எதிர்பார்த்த அளவு புள்ளிகள் வரவில்லை. இங்கிலாந்திலேயே நல்ல பதவி கிடைக்காது என்று தெரிந்ததும் இலங்கைக்குப் போகும் பதவியை எடுத்துக்கொண்டார். ஆக, அவர் இங்கே வந்தது ஆசையால் அல்ல, புள்ளி குறைந்ததால். வெளிநாடு போனவர்களின் கதைகளைக் கிளறினால் பாதி இப்படித்தான் இருக்கும்.

1904 டிசம்பரில், 24 வயதில், வோல்டேயரின் நூல்களைப் பெட்டி நிறைய அடுக்கிக்கொண்டு கொழும்பில் வந்து இறங்கினார். சார்ள்ஸ் என்ற நாய் வேறொரு கப்பலில் வந்து சேர்ந்தது. அடுத்த மாதமே யாழ்ப்பாணம். வடக்கு ரயில் பாதை இன்னும் முழுமையாகாத காலம். அனுராதபுரம் வரை ரயில், அதற்கப்பால் காட்டு வழியே மாடு பூட்டிய தபால் வண்டி. கச்சேரியில் பயிற்சி உத்தியோகத்தர் வேலை, கோட்டை மதிலின் மேல் பங்களா. இங்கேதான் அவருக்குத் தைபோயிட் காய்ச்சல் வந்தது. 1906இல் மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யப் போனார். தமிழும் படித்தார், பிறகு சிங்களமும் படித்தார்.

யாழ்ப்பாணத்துக்கும் அவருக்கும் பொருந்தவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. கடுமையான ஆள். கோப்புகள் அன்றன்றே முடிய வேண்டும் என்று கச்சேரி உத்தியோகத்தர்களைப் பிழிந்தவர். ஒருநாள் பிரதான வீதியில் குதிரையில் போகும்போது, வீதிக்குள் நீட்டிக் கட்டப்பட்ட ஒரு விறாந்தையைச் சவுக்கால் சுட்டிக் காட்டியிருக்கிறார். பக்கத்தில் வண்டியில் வந்த பிரபலமான தமிழ் வழக்கறிஞர் ஒருவரின் முகத்தில் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று ஆளுநர் வரை முறைப்பாடு போனது. வூல்ஃப் மறுத்தார். கடைசிவரை மறுத்தார். ஆனால் அரை நூற்றாண்டு கழித்துத் தன் வாழ்க்கை வரலாற்றில் அந்தச் சம்பவத்துக்குத் திரும்பி வந்து, அடிக்காவிட்டாலும் யாழ்ப்பாணத்தார் நினைத்தது சரிதான் என்ற முடிவுக்கு வருகிறார். அவர்களுடைய ஊர்த் தெருவில் குதிரையின் மேல் தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அந்த இருப்பே ஓர் அறைதான் என்று அவருக்குப் பட்டது. பிற மக்களை ஆளும் தொழில் தனக்கு வேண்டுமா என்ற சந்தேகம் முளைத்த இடங்களில் இதுவும் ஒன்று. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இந்தப் பக்கங்களில்தான்.

1907இல் கண்டி. அங்கே போகம்பரைச் சிறையில் தூக்குத் தண்டனைகள் நிறைவேறும்போது பக்கத்தில் நிற்பதும் உத்தியோகத்தில் சேர்த்தி. 1908 ஓகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபர். ஒரு முழு மாவட்டமும் 27 வயது இளைஞரின் கையில். உப்பு அள்ளும் வேலையிலிருந்து குடிசன மதிப்பீடு வரை எல்லாம் அவர் தலையில். மாடுகளுக்கு வெக்கை நோய் பரவியபோது கட்டாக்காலி எருமைகளைச் சுட வேண்டியிருந்தது. சனம் வெறுத்தது. இருந்தும் அந்த வறண்ட காட்டுக் கிராமங்களில்தான் அவருடைய மனம் ஒட்டிக்கொண்டது. மேலதிகாரிகளுக்கும் அவர் மேல் நல்ல அபிப்பிராயம். ஒருநாள் ஆளுநர் கதிரை வரை போகக்கூடியவர் என்ற எதிர்பார்ப்பு இருந்தது.

1911 மே மாதம் ஒரு வருட விடுமுறையில் கப்பல் ஏறினார்.

ஆறரை வருடத்தில் லண்டன் மாறிப்போயிருந்தது. தெருவில் மோட்டார் பஸ்கள் ஓடின. ஊரின் பெரிய பஸ் கம்பனி தன் கடைசிக் குதிரை பஸ்ஸை நிறுத்தியது அந்த ஒக்டோபரில்தான். ஆனால் வூல்ஃபை அதிகம் திகைக்க வைத்தது வாகனங்கள் அல்ல, நண்பர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் விதம். அவர் புறப்பட்டபோது நெருங்கிய நண்பர்கள்கூடக் குடும்பப் பெயரால்தான் அழைத்துக்கொண்டார்கள். இப்போது ஆணும் பெண்ணும் முதற்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், எதைப் பற்றியும் கூச்சமின்றிப் பேசினார்கள். நீங்கள் என்று விட்டுப்போன இடத்தில் நீ என்று பேசுவதைக் கேட்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தோபி உயிரோடு இல்லை. 1906இல் தைபோயிட் அவரைக் கொண்டுபோனபோது அந்தச் செய்தி இங்கே கடிதமாகத்தான் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் அதே காய்ச்சல் கண்ட இவர் பிழைத்துவிட்டார், லண்டனில் இருந்தவர் போய்விட்டார்.

ஜூலை 3ஆம் திகதி கோர்டன் சதுக்கத்தில் தோபியின் மூத்த சகோதரி வனெசாவின் வீட்டில் இரவுச் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு வேர்ஜினியா வந்தார். 1904இல் கப்பல் ஏறுவதற்குச் சில நாட்கள் முன்னர் இதே சகோதரிகளோடு சாப்பிட்டுவிட்டுத்தான் வூல்ஃப் புறப்பட்டிருந்தார். டிசம்பரில் பிரன்ஸ்விக் சதுக்கத்தில் வேர்ஜினியாவும் தம்பி ஏட்ரியனும் இருந்த வீட்டிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடிபோனார். பொருளியலாளர் கெய்ன்ஸ் அதே வீட்டில் இன்னொரு குடித்தனக்காரர். 1912 ஜனவரியில் திருமணம் செய்துகொள்வோமா என்று கேட்டார். வேர்ஜினியாவால் முடிவு சொல்ல முடியவில்லை. அவருக்கு ஏற்கெனவே மனநலம் குலைந்த காலங்கள் இருந்தன, அந்த நாட்களிலும் ஓய்வில் இருக்க வேண்டியிருந்தது.

விடுமுறை மே 20ஆம் திகதி முடிகிறது. பெப்ரவரியில் நான்கு மாத நீட்டிப்புக் கேட்டு எழுதினார், சொந்தக் காரணம் என்று மட்டும். குடியேற்ற நாட்டு அலுவலகம் என்ன காரணம் என்று கேட்டது. கலியாணத்துக்கு ஒரு பெண்ணின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்று எந்த அதிகாரிதான் எழுதுவார்? அவர் எழுதவில்லை. காரணம் இல்லாமல் நீட்டிப்பு இல்லை என்றார்கள். இவர் இராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அப்போதும் வேர்ஜினியா சரி என்று சொல்லியிருக்கவில்லை.

இந்த இடத்தில் நின்று யோசிக்கத்தான் வேண்டும். கையில் இருந்தது சேமிப்பும், 1908இல் குதிரைப் பந்தயச் சீட்டில் விழுந்த 690 பவுணின் மிச்சமும். வேறு தொழில் கிடையாது. வேர்ஜினியா மறுத்தால் அம்பாந்தோட்டைக்கே திரும்பி, அந்த மாவட்டத்திலேயே ஆயுள் முழுக்கக் கிடந்துவிடலாம் என்றொரு எண்ணமும் முதலில் இருந்தது. கடிதம் கொடுத்ததோடு அந்தக் கதவும் அடைபட்டது. காதலுக்காக வேலையை விட்டார் என்று எழுதுபவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். வெற்றி பெற்ற ஆட்சியாளராக ஆகிவிடுவோமோ என்ற பயமும் அவருக்கு இருந்தது. மே 20ஆம் திகதியோடு இலங்கை சிவில் சேவை முடிந்தது. ஒன்பது நாள் கழித்து, மே 29ஆம் திகதி, வேர்ஜினியா சம்மதம் சொன்னார். ஓகஸ்ட் 10ஆம் திகதி சென் பங்கிராஸ் பதிவு அலுவலகத்தில் கலியாணம்.

ஆனால் உடம்பு லண்டனுக்கு வந்த பிறகும் அவர் எழுதிக்கொண்டிருந்தது அம்பாந்தோட்டையைத்தான். 1911 இலையுதிர் காலத்தில் தொடங்கிய நாவல் 1913இல் வெளிவந்தது. பெத்தேகம என்ற காட்டுக் கிராமமும் சிலிந்து என்ற வேட்டைக்காரனும் அவனுடைய இரண்டு பெண் பிள்ளைகளும்தான் கதை. வெள்ளைக்கார அதிகாரி ஓரமாக வந்து போகும் ஒருவர், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஆட்சியாளர் பக்கத்திலிருந்து இப்படி எழுதப்பட்ட நாவலைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். 1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைச் சிங்களத்தில் படமாக்கியபோது, அந்த வெள்ளைக்கார நீதவானாக நடித்தவர் பிரித்தானியாவுக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட ஆர்தர் சி. கிளார்க்.

1912இன் கடைசியில் லண்டன் கிராஃப்டன் கலைக்கூடத்தில் மத்தீஸ், பிக்காசோ போன்றோரின் ஓவியங்களை வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. வூல்ஃப் அதன் செயலாளர். நன்றாக உடுத்திய பணக்காரக் கூட்டம் தினமும் வந்து ஓவியங்களைப் பார்த்து இளித்தது, அவரிடம் வந்து கத்தியது. அந்த வேளையில் அவருக்கு நினைவு வந்தது கச்சேரி விறாந்தையில் மனுக்களோடு காத்து நின்ற தமிழ், சிங்களக் கிராமத்தவர்கள். இந்தக் கூட்டத்தைவிட அவர்கள் எவ்வளவு பண்பானவர்கள் என்று எழுதியிருக்கிறார். இங்கே இருந்தபோது அந்தச் சனத்திடம் பொறுமையிழந்து கத்தியவரும் அவர்தான். ஊர் திரும்பினால்தான் விட்டு வந்த ஊர் தெரியும் போல.

அதற்குப் பிறகு லண்டன் ஹொக்ஸ்டன் பகுதிச் சேரிகளைப் பார்த்தது அவரைச் சோசலிசத்துக்குக் கொண்டுபோனது. 1913இல் வேர்ஜினியாவின் நோய் முற்றித் தற்கொலை முயற்சி வரை போனது. அடுத்த பல வருடங்கள் அவருடைய நாட்களின் பெரும் பகுதி மனைவியின் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கவனிப்பதில் போனது. 1917இல் ஒரு சிறிய கை அச்சு இயந்திரத்தை வாங்கிச் சாப்பாட்டு அறையில் வைத்து, இருவரும் எழுத்துக் கோர்க்கப் பழகினார்கள். அதுதான் ஹோகார்த் அச்சகம். ஊடகக் கற்கை படித்தவளான எனக்கு இந்தப் பகுதியைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதலாம். டி. எஸ். எலியட்டின் கவிதைகளும் ஃபிராய்டின் மொழிபெயர்ப்புகளும் அந்தப் பெயரில்தான் வந்தன. 1941 மார்ச் 28ஆம் திகதி வேர்ஜினியா ஊஸ் ஆற்றில் இறங்கி உயிரை விட்டார். அதற்குப் பிறகு வூல்ஃப் 28 வருடங்கள் வாழ்ந்தார்.

இனி நம்மவர்கள் எடுத்துப் பேசும் விஷயம். தொழிற்கட்சியின் ஏகாதிபத்திய விவகாரங்களுக்கான ஆலோசனைக் குழுவுக்கு அவர் பல வருடங்கள் செயலாளராக இருந்தார். 1915 கலவரத்தின் பின்னர் இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்த கொடுமைகளுக்கு விசாரணை கேட்டு டி. பி. ஜயதிலக்கவும் ஈ. டபிள்யூ. பெரேராவும் லண்டன் போனபோது, அவர்களுக்காக அலைந்தவர்களில் இவரும் ஒருவர். 1938இல் இலங்கையின் அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றித் தன் கட்சிக்கு ஓர் அறிக்கை எழுதினார். சுயாட்சி கொடுக்க வேண்டும், சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பும் வேண்டும், சுவிட்சர்லாந்து மாதிரியிலான சமஷ்டி முறையையோ பரந்த அதிகாரப் பகிர்வையோ பரிசீலிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1947இல் வந்ததோ ஒற்றையாட்சி. பிறகு நடந்ததை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதை வைத்து அவரைத் தமிழரின் தீர்க்கதரிசி ஆக்கிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் நம்மை விசேஷமாக நேசித்தவர் அல்ல. யாழ்ப்பாணத்தில் தமிழரோடும் கண்டியில் கண்டிச் சிங்களவரோடும் தெற்கில் கரையோரச் சிங்களவரோடும் வேலை செய்து, இவர்கள் ஒரே அச்சில் வார்த்த சனம் இல்லை என்பதைக் கோப்புகளிலும் விறாந்தைகளிலும் கண்ட ஒரு பழைய அதிகாரி. நேசம் இல்லாமலேயே அவருக்கு அது தெரிந்ததுதான் அந்த அறிக்கைக்குக் கனம் தருகிறது.

1960 பெப்ரவரியில், 79 வயதில், மூன்று வாரம் இலங்கைக்கு வந்தார். சுதந்திர நாட்டில் பழைய வெள்ளைக்கார அதிகாரிக்கு எப்படியான வரவேற்பு இருக்குமோ என்ற தயக்கம் இருந்திருக்கலாம். போன இடமெல்லாம் மரியாதை. ஒரேயொருவர் மட்டும் கணக்குத் தீர்க்க வந்தார். அம்பாந்தோட்டையில் அவருக்குக் கீழ் வேலை பார்த்த முதியவர் ஒருவர் கொழும்பில் அவரைத் தேடி வந்து, வெக்கை நோய்க் காலத்தில் ஓர் எருமை விவகாரத்தில் நீங்கள் எடுத்த நடவடிக்கை நியாயமா என்று கேட்டார். ஐம்பது வருடம் அதை மனதில் வைத்திருந்திருக்கிறார். வூல்ஃப் அந்த முழுச் சம்பவத்தையும் நினைவுக்குக் கொண்டுவந்து, நியாயம்தான் என்று வாதாட வேண்டியிருந்தது. தன் வாழ்க்கை வரலாற்றின் ஐந்தாவது தொகுதியில் இதை எழுதினார். அதுவே கடைசித் தொகுதி. 1969 ஓகஸ்ட் 14ஆம் திகதி சசெக்ஸில், ரொட்மெல் கிராமத்து வீட்டில் இறந்தார்.

இவ்வளவையும் சித்தப்பாவுக்குச் சொல்லி முடிக்கையில் வெயில் தாழ்ந்துவிட்டது. கோட்டைக்குள் இருந்த பழைய கட்டடங்களைப் போர் தின்றுவிட்டது, அந்தப் பங்களாவைக் காட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. கீழே இறங்கும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அந்த ஆளுக்குப் பென்சன் கிடைத்ததா? எட்டாவது வருடத்தில் இராஜினாமாச் செய்தவருக்கு எங்கே பென்சன் என்றேன். மோட்டார் சைக்கிளில் ஏறும்வரை அவர் வேறெதுவும் பேசவில்லை.