சிரிக்க வைக்கும் ரயில் கொள்ளை: யார் இந்த வால்டர் நாட்?

நீராவி இன்ஜின் ஒருமுறை கூவிவிட்டுக் கிளம்புகிறது. மரப்பெட்டிகளுக்குள் குடும்பம் குடும்பமாக ஆட்கள். வண்டி கொஞ்ச தூரம்தான் போயிருக்கும், முகத்தில் கைக்குட்டை கட்டிய ஒருவர் பெட்டிக்குள் ஏறுகிறார். கையில் துப்பாக்கி. ரயில் கொள்ளை!

ஆனால் யாரும் அலறுவதில்லை. செல்போனை எடுத்து வீடியோ பிடிக்கிறார்கள். கொள்ளைக்காரர் ஒருவரின் தொப்பியைக் கிண்டலடிக்கிறார், ஒரு குழந்தையைப் பார்த்துப் பயந்ததுபோல நடிக்கிறார், யாரிடமும் எதுவும் தேறவில்லை என்று அலுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போகிறார். வண்டி ஒரு சுற்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், பியூனா பார்க் நகரில் இருக்கிறது நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற தீம் பார்க். அங்கே 1952-ல் ஓடத் தொடங்கிய ரயில் இது. இந்தக் கலாட்டாவுக்கு வழி போட்டவர் நாடகக்காரரோ சினிமாக்காரரோ இல்லை. பெர்ரி பழம் விற்றுப் பிழைத்த ஒரு விவசாயி. பெயர் வால்டர் நாட்.

ஒரு விவசாயிக்கு எதற்கு ரயில்? அதிலும் எதற்குக் கொள்ளைக்காரர்கள்?

பாலைவனத்தில் தோற்றவர்

வால்டர் நாட் 1889 டிசம்பர் 11-ம் தேதி கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் பிறந்தார். ஆறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். பொமோனா நகரில் அம்மாவும் பாட்டியும் வளர்த்தார்கள். மூடு வண்டியில் பாலைவனங்களைத் தாண்டி கலிஃபோர்னியாவுக்கு வந்து குடியேறியவர் அந்தப் பாட்டி. அவர் சொன்ன பயணக் கதைகள் பேரனின் மனதில் ஆழமாகப் பதிந்தன. பின்னாளில் அவர் கட்டிய ஊருக்கு விதை அங்கேதான் விழுந்தது.

சிறுவனாக இருக்கும்போதே ஊரில் சும்மா கிடந்த காலி மனைகளில் காய்கறி பயிரிட்டு விற்றார். விவசாயம்தான் வாழ்க்கை என்று அப்போதே முடிவு. 1911-ல் கார்டீலியாவைத் திருமணம் செய்துகொண்டார். 1914-ல் ஒரு துணிச்சலான வேலை பார்த்தார். மொஹாவி பாலைவனத்தில் அரசு கொடுத்த 160 ஏக்கரை வாங்கிக்கொண்டு, மனைவி, கைக்குழந்தையோடு அங்கே குடிபோனார். இலவச நிலம்தான், ஆனால் ஒரு நிபந்தனை: குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, நிலத்தைப் பண்படுத்திக் காட்ட வேண்டும்.

மண் சுவர் எழுப்பி வீடு கட்டினார்கள். பயிர் வைத்தார்கள். வெயிலும் காற்றும் உவர் மண்ணும் எதையும் விட்டுவைக்கவில்லை. பிழைப்புக்காக வால்டர் கூலி வேலைக்குப் போனார். அப்படி வேலை பார்த்த இடங்களில் ஒன்று, அருகிலிருந்த காலிகோ. 1881-ல் வெள்ளி கிடைத்ததால் திடீரென முளைத்த சுரங்க ஊர் அது. வெள்ளி விலை சரிந்ததும் ஆட்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். வால்டர் போனபோது அது ஏறக்குறைய ஆளில்லாத ஊர்.

நிபந்தனைக் காலம் முடிந்து நிலம் கைக்கு வந்தது. வருமானம் மட்டும் வரவில்லை. 1917-ல் அந்தக் குடும்பம் பாலைவனத்தை விட்டுக் கிளம்பியது. அடுத்த மூன்று ஆண்டுகள் ஷாண்டன் என்ற ஊரில், அடுத்தவர் நிலத்தில் பங்குக்குப் பயிர் செய்தார்கள்.

தன் பெயர் வைக்காத பழம்

1920-ல் உறவினர் ஜிம் பிரெஸ்டனோடு சேர்ந்து பியூனா பார்க்கில் 20 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார் வால்டர். பெர்ரி பழம் பயிர். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையோரத்தில் கடை. கார்கள் பெருகிய காலம் என்பதால் வியாபாரம் பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகளில் பிரெஸ்டன் விலகிக்கொள்ள, வால்டர் நிலத்தைச் சொந்தமாக வாங்கத் தொடங்கினார்.

அப்போதுதான் அவர் வாழ்க்கையை மாற்றிய பழம் வந்தது. அருகிலிருந்த அனஹைம் நகரின் பூங்காக் கண்காணிப்பாளர் ருடால்ஃப் பாய்சன், பல வகை பெர்ரிகளைக் கலந்து ஒரு புதிய ரகத்தை உருவாக்கியிருந்தார். ஆனால் அதைப் பெரிதாக வளர்க்க முடியாமல் கைவிட்டுவிட்டார். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர் ஜார்ஜ் டாரோ அந்த ரகத்தைத் தேடிக்கொண்டு வந்தபோது வால்டருக்கும் விஷயம் தெரிந்தது. பாய்சனின் பழைய நிலத்தில், களைகளுக்கு நடுவே சில செடிகள் மட்டும் சாகும் நிலையில் இருந்தன. வால்டர் அவற்றை எடுத்துவந்து பிழைக்க வைத்தார். பழம் பெரிதாக, சாறு நிறைந்து வந்தது. 1930-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது.

பிழைக்க வைத்தவர், விற்றவர், பிரபலமாக்கியவர் எல்லாம் வால்டர்தான். ஆனால் பழத்துக்கு வைத்த பெயர் பாய்சன்பெர்ரி.

எட்டு தட்டு சிக்கன்

1934-ல் அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்தது. குடும்ப வருமானத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கலாம் என்று, பெர்ரி கடையோடு ஒட்டியிருந்த சின்ன டீக்கடையில் கார்டீலியா ஒருநாள் பொரித்த கோழிக்கறிச் சாப்பாடு போட்டார். பரிமாறியது கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளில். விலை 65 சென்ட். அன்று சாப்பிட்டவர்கள் எட்டே பேர்.

அந்த எட்டு, சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் போய் நின்றது. வார இறுதிகளில் ஒரு சாப்பாட்டுக்கு மணிக்கணக்கில் காத்திருந்தார்கள்.

சாதாரண ஹோட்டல் முதலாளி என்றால் கூட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார். வால்டருக்கு அந்த வரிசை உறுத்தியது. குழந்தைகளை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கும் குடும்பங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தார். முதலில் பாறைத் தோட்டம், ஒரு அருவி, பழைய இசைப் பெட்டிகள். பிறகு ஒரு குட்டி எரிமலை! அதற்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சாத்தான் பொம்மை உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

1940-ல் பெரிய திட்டத்தில் இறங்கினார். பாட்டியின் கதைகளையும், தான் கண்ணால் பார்த்த காலிகோவையும் சேர்த்து, கோஸ்ட் டவுன் என்ற பேய் ஊரைக் கட்டினார். மேற்குப் பகுதிகளில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய கட்டடங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்தார். கிடைக்காதவற்றைப் பழைய பாணியில் புதிதாகக் கட்டினார். சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. அங்கிருந்த சலூனில் மதுவும் இல்லை, பழச்சாறுதான்.

அந்த ஊரின் சிறையில் மரத்தால் செய்த ஒரு கைதி இருந்தான். பெயர் சோகக்கண் ஜோ. எட்டிப் பார்ப்பவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவான். கூட வந்தவர் முன்கூட்டியே போய் ரகசியமாகத் தகவல் கொடுத்திருப்பார். மறைவில் இருக்கும் ஒரு ஊழியர் குரல் கொடுப்பார். அவ்வளவுதான் தொழில்நுட்பம்! ஆனால் பார்வையாளரையே நாடகத்துக்குள் இழுக்கும் உத்தி அங்கேயே தொடங்கிவிட்டது. ரயில் கொள்ளையின் சூத்திரமும் இதுதான்.

காயலான் கடைக்குப் போக வேண்டிய ரயில்

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் குறுகிய ரயில் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வழக்கமான பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம் என்றால், இவை வெறும் 3 அடி. மலைப்பகுதிச் சுரங்கங்களுக்காகப் போட்டவை. சுரங்கமும் நொடித்து, லாரிகளும் வந்த பிறகு அவற்றுக்கு வேலை இல்லை. இன்ஜின்களையும் பெட்டிகளையும் உடைத்து எடைக்குப் போட்டார்கள்.

கொலராடோ பகுதியில் ஓடிய இரண்டு ரயில் நிறுவனங்களிடமிருந்து இன்ஜின்களையும் பெட்டிகளையும் வாங்கினார் வால்டர். அதில் 1881-ல் செய்த ஒரு நீராவி இன்ஜினும் உண்டு. தண்டவாளம் போட்டு, 1952 ஜனவரியில் ரயிலை ஓட விட்டார். அதாவது, ஓடுவது பொம்மை ரயில் இல்லை. மலைகளில் உண்மையாகவே உழைத்த ரயில்.

ஆனால் ஒரு சிக்கல். கொலராடோவில் ஜன்னலுக்கு வெளியே மலையும் பள்ளத்தாக்கும் இருந்தன. இங்கே வண்டி பண்ணையை ஒரு சுற்று சுற்றும், சில நிமிடங்களில் பயணம் முடிந்துவிடும். வெளியே பார்க்கப் பெரிதாக எதுவும் இல்லை. அப்படியென்றால் பார்க்க வேண்டிய விஷயம் பெட்டிக்கு உள்ளே ஏற வேண்டும். கொள்ளைக்காரர்கள் ஏறினார்கள்.

கேட்பதற்குச் சுலபம், செய்வதற்குக் கஷ்டம். மேடை கிடையாது, மைக் கிடையாது. தரை ஆடும், இன்ஜின் சத்தம் காதை அடைக்கும். எதிரே மூன்று வயதுக் குழந்தையும் இருக்கும், எண்பது வயதுப் பாட்டியும் இருப்பார். ஒரு பெட்டிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். எழுதி வைத்த வசனம் பாதிதான் உதவும். மீதியை எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்து அந்த நொடியில் பிடிக்க வேண்டும். சிரிப்பு வராவிட்டால் ஓடி ஒளிய இடம் இல்லை.

நகைச்சுவைக்கு இதே பண்ணையில் இன்னொரு மேடையும் வந்தது. 1954-ல் திறந்த பேர்ட் கேஜ் தியேட்டரில், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் மார்ட்டின் 1960-களில் இளைஞராக நடித்துப் பழகினார்.

சிரிப்புக்குப் பின்னால் மறைந்தது

உண்மையான ரயில் கொள்ளைகள் சிரிப்பான விஷயம் இல்லை. 1866-ல் இண்டியானாவில் ரீனோ சகோதரர்கள் ஓடும் ரயிலில் கொள்ளையடித்ததிலிருந்து பல பத்தாண்டுகள் மேற்குப் பாதைகளில் ரத்தம் சிந்தியது. வால்டர் காட்டிய மேற்கு, குடியேறியவர்களின் உழைப்பையும் துணிச்சலையும் கொண்டாடிய மேற்கு. நிலத்தை இழந்த பழங்குடிகளும், சுரங்க ஊர்களில் வாழ்ந்த சீனர்களும் அந்தக் கதையின் ஓரத்தில்தான் நின்றார்கள். தீவிர வலதுசாரி அரசியல் கொண்ட வால்டருக்கு, அந்த ஊர் தன்னுழைப்பால் முன்னேறும் மனிதனுக்கான பாடமும்கூட. 1966-ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான மண்டபத்தைப் போலவே ஒரு கட்டடத்தைப் பண்ணைக்கு எதிரே கட்டினார்.

இதையும் சேர்த்துத்தான் அவரைப் புரிந்துகொள்ள வேண்டும். அவருடைய ஊர் வரலாற்றுப் புத்தகம் இல்லை. ஒரு பேரன் நினைவில் வைத்திருந்த பாட்டியின் கதை.

கடைசிவரை

1955-ல் பக்கத்திலேயே அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தது. நாட் பண்ணை காணாமல் போகவில்லை, தொடர்ந்து வளர்ந்தது. 1951-ல் வால்டர், தான் கூலி வேலை பார்த்த அதே காலிகோவை விலைக்கு வாங்கினார். கட்டடங்களைச் சீரமைத்து, 1966-ல் முழு ஊரையும் சான் பெர்னார்டினோ மாவட்டத்துக்கே கொடுத்துவிட்டார். 1968-ல் பண்ணையைச் சுற்றி வேலி வந்தது, நுழைவுக் கட்டணமும் வந்தது. 1974-ல் கார்டீலியா இறந்தார். 1981 டிசம்பர் 3-ம் தேதி, 92 வயதாக எட்டு நாள் இருக்கும்போது வால்டரும் இறந்தார். 1997-ல் குடும்பத்தினர் பூங்காவை விற்றுவிட்டார்கள்.

சாகக் கிடந்த செடி, ஆள் போன ஊர், எடைக்குப் போட வேண்டிய ரயில். மற்றவர்கள் கைவிட்ட மூன்றையும் வால்டர் எடுத்து வைத்துக்கொண்டார். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டவில்லை. பழத்தை ஜாமாக்கி விற்றார், ஊருக்குள் ஆட்களை நடக்க விட்டார், ரயிலில் கொள்ளைக்காரர்களை ஏற்றினார். அந்த 1881 இன்ஜின் வந்த வகையைச் சேர்ந்த பெரும்பாலான இன்ஜின்கள் இரும்பாகிப் போய்விட்டன. இது பிழைத்ததற்குக் காரணம், பசியோடு சாப்பாட்டுக்குக் காத்திருந்த குடும்பங்களைப் பார்த்து ஒரு விவசாயிக்கு மனது கேட்காததுதான்.