தாடியஸ் ஸ்டீவன்ஸ்: ஏழைப் பள்ளியைக் காத்த வழக்கறிஞர்

லிங்கனைத் தெரியாத இளைஞர் இல்லை. அவர் காலத்து தாடியஸ் ஸ்டீவன்ஸை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1792-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு கால் ஊனம். அப்பா குடும்பத்தை விட்டுட்டுப் போயிட்டார். அம்மா சாராதான் பாடுபட்டு நான்கு பிள்ளைகளையும் ஆளாக்கினார். டார்ட்மவுத் கல்லூரியில் படித்த ஸ்டீவன்ஸ், பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் வக்கீல் ஆனார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1821-இல் சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண் விடுதலை கேட்டு வழக்காடினார். ஸ்டீவன்ஸ் எஜமானன் பக்கம் வாதாடி ஜெயித்தார். அந்தத் தாய்க்கு விடுதலை கிடைக்கலே. பெரிய களங்கம்தான். பிற்காலத்தில் தப்பியோடி வந்த அடிமைகளுக்காக வாதாடியவரும் இவரேதான்.

1835-இல் மாநிலத்தின் இலவசப் பள்ளிச் சட்டத்தை ஒழிக்கப் பார்த்தார்கள், வரி கூடுதுன்னு! சட்டமன்றத்தில் ஸ்டீவன்ஸ் பேசிய ஒரே பேச்சு அதைக் காப்பாற்றியது. ஏழைப் பிள்ளையாகப் படித்தவருக்குத்தானே அந்த வலி தெரியும்? மூன்று ஆண்டு கழித்து வந்த மாநில அரசியலமைப்பு வெள்ளையருக்கு மட்டும் ஓட்டு என்றது. அவர் கையெழுத்துப் போடவில்லை.

உள்நாட்டுப் போரில், 1863-இல், தென்மாநிலப் படை அவருடைய இரும்பாலையைக் கொளுத்தியது. அவர் அசரலே. அடிமை முறையை ஒழித்த 13-ஆம் திருத்தத்துக்கும், சம உரிமை தந்த 14-ஆம் திருத்தத்துக்கும் காங்கிரஸில் முன்நின்று போராடினார்.

1868 ஆகஸ்டில், 76 வயதில் காலமானார். மற்ற இடுகாடுகளில் கறுப்பர்களுக்கு இடமில்லை என்பதால், எல்லா இனத்தவரையும் ஏற்ற லங்காஸ்டரின் சின்ன இடுகாட்டையே தனக்கெனத் தேர்ந்தெடுத்திருந்தார். அங்கேதான் அடக்கம் செய்தார்கள்.