உங்க பயோவுல இருக்கிற அந்த 4 எழுத்து... நடுவுல கோடு போட்டவர் யார் தெரியுமா?

இன்ஸ்டா பயோவில், டேட்டிங் ஆப் புரொஃபைலில் ஐஎன்எஃப்பி, இஎஸ்டிஜே என்று நாலு எழுத்து போட்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீங்க. ஒருவேளை நீங்களே போட்டிருக்கலாம். போன வருஷம் ஒரு ரிசல்ட், இந்த வருஷம் எடுத்தா வேற ரிசல்ட் என்று வந்து குழம்பியும் இருக்கலாம். நாம மாறிட்டோமா, இல்ல டெஸ்ட்டுல ஏதாவது தப்பா?

இதற்கான பதில், அந்த டெஸ்ட்டை உருவாக்கிய பெண்ணின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் உளவியல் படித்தவர் இல்லை. துப்பறியும் நாவல் எழுதியவர். பெயர், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ்.

மாப்பிள்ளையால் வந்த ஆராய்ச்சி

1897-ல் பிறந்த இசபெல், வீட்டில் ஒரே பிள்ளை. அப்பா லைமன் பிரிக்ஸ், அமெரிக்க அரசின் விஞ்ஞானி. அம்மா கேத்தரின் பிரிக்ஸுக்கு மகளை வளர்ப்பதே ஒரு ஆராய்ச்சி. பள்ளிக்கு அதிகம் அனுப்பாமல், பெரும்பாலும் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண் ஸ்வார்த்மோர் கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்து, 1919-ல் முதல் மாணவியாக வெளியே வந்தார்.

படிக்கும்போதே காதல். பையன் பெயர் கிளாரன்ஸ் மையர்ஸ், சட்டம் படித்தவர். 1918-ல் கல்யாணம். பிரிக்ஸ் குடும்பத்துக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. ஆனால், புரியவில்லை. இவர்கள் கற்பனையில் மிதக்கும் ஆட்கள். அவரோ ஒவ்வொரு விவரத்தையும் சரிபார்த்து, நிதானமாக, நடைமுறையாக யோசிப்பவர். நல்ல மனுஷன்தான், ஆனா ஏன் நம்மள மாதிரி யோசிக்க மாட்டேங்கிறார்? நம்ம வீட்டுல இப்படி ஒரு சந்தேகம் வந்தா சம்பந்தி சண்டைதான் வரும். கேத்தரின், மனிதர்களை வகை பிரித்து ஆராய ஆரம்பித்துவிட்டார்.

1923-ல் சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங்கின் உளவியல் வகைகள் பற்றிய புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது. தான் தேடியதை இன்னொருவர் இன்னும் ஆழமாக எழுதிவிட்டார் என்று கேத்தரின் அதிலேயே மூழ்கிப்போனார். அப்போது இசபெலுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. குழந்தைகளை வளர்த்துக்கொண்டே ஒரு துப்பறியும் நாவல் எழுதி, பத்திரிகைப் போட்டி ஒன்றில் 7,500 டாலர் பரிசு வென்றார். அதே போட்டியில் அவரோடு மோதியவர்கள், பின்னாளில் எல்லரி குவீன் என்ற பெயரில் உலகப் புகழ்பெற்ற இரட்டை எழுத்தாளர்கள்!

போர் கொடுத்த வேலை

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆண்கள் போருக்குப் போக, தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் வேலைக்கு வந்தார்கள். யாருக்கு எந்த வேலை பொருந்தும்? 1942-ல், வேலைக்கு ஆள் பொருத்தும் ஒரு டெஸ்ட் பற்றி பத்திரிகையில் படித்த இசபெலுக்குப் பொறி தட்டியது. அம்மாவின் இருபது வருஷ ஆராய்ச்சியை ஒரு கேள்வித்தாளாக மாற்றினால் என்ன?

அப்போது அவருக்கு வயது 44. புள்ளியியல் தெரியாது. டெஸ்ட் எப்படித் தயாரிப்பது என்றும் தெரியாது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு வங்கியின் பணியாளர் துறையில் இருந்த எட்வர்ட் ஹே என்பவரிடம் போய்ச் சேர்ந்து, கேள்வி அமைப்பது, மார்க் போடுவது, அது சரிதானா என்று சோதிப்பது எல்லாவற்றையும் அடிப்படையிலிருந்து கற்றுக்கொண்டார். பிறகு வீட்டிலேயே கேள்விகள் எழுதி, சொந்தக்காரர்கள், நண்பர்கள், பள்ளி மாணவர்கள் என்று கிடைத்தவர்களையெல்லாம் உட்கார வைத்துப் பதில் வாங்கினார்.

அந்த நாலு எழுத்துக்கும் அர்த்தம் இதுதான். உங்களுக்குத் தெம்பு கூட்டத்திலிருந்து வருதா, தனிமையிலிருந்து வருதா? கண்ணால் கண்ட விவரத்தை நம்புவீங்களா, உள்ளுணர்வையா? முடிவெடுக்கும்போது முன்னால் வருவது தர்க்கமா, மனிதர்களின் உணர்வா? திட்டம் போட்டு வாழ்றீங்களா, வர்றபடி பார்த்துக்கலாம்னு விடுறீங்களா? இந்த நாலாவது கேள்வியைத் தனி அளவுகோலாக யுங் வைக்கவில்லை. அது அம்மாவும் மகளும் சேர்த்தது.

மார்க் போடுவதில்தான் விஷயமே!

கேள்வி எழுதுவது சுலபம். மார்க் போடுவதில்தான் இசபெல் பல வருஷம் மல்லுக்கட்டினார். எல்லாக் கேள்விக்கும் ஒரே மார்க் கிடையாது. சில பதிலுக்கு 2, சிலதுக்கு 1, சிலதுக்கு பூஜ்ஜியம். ஒரு பதிலை எல்லாருமே விரும்பித் தேர்ந்தெடுத்தால், அது ஒருவரின் குணத்தைக் காட்டவில்லை, ஊர் மெச்சும் பதிலைத்தான் காட்டுகிறது என்று அதன் மார்க்கைக் குறைத்தார்.

தர்க்கமா உணர்வா என்ற அளவுகோலில் ஒரு சிக்கல் வந்தது. பெண் என்றால் இளகிய மனசோடுதான் இருக்கணும் என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பெண்கள், உள்ளுக்குள் தர்க்கம் பார்ப்பவர்களாக இருந்தாலும் உணர்வு பக்கப் பதில்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் அந்த ஒரு அளவுகோலுக்கு மட்டும் ஆண்களுக்குத் தனி மார்க், பெண்களுக்குத் தனி மார்க் வைத்தார். ஒரே பதிலை எழுதிய அண்ணனுக்கும் தங்கைக்கும் வேறு வேறு எழுத்து வரலாம்!

சரி, இரண்டு பக்கமும் சரிசமமாக மார்க் வந்தால்? நடுவில் நிற்க அவர் யாரையும் விடவில்லை. ஸ்கோர் எப்போதும் ஒற்றைப்படை எண்ணாக வரும்படி ஒரு கணக்கு வைத்தார். பூஜ்ஜியமே வராது. சமமாக வந்தால் உள்முகம், உள்ளுணர்வு, உணர்வு, வர்றபடி பார்க்கலாம் என்ற பக்கத்துக்கே தள்ளினார். அமெரிக்கச் சமூகம் எல்லோரையும் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது, அந்த அழுத்தத்தை மீறி ஒருவர் பாதிக்குப் பாதி வந்திருக்கிறார் என்றால் அவர் உண்மையில் இந்தப் பக்கம்தான் என்பது அவர் வாதம். அந்த நாலையும் சேர்த்தால் ஐஎன்எஃப்பி. அதுதான் இசபெலின் சொந்த வகையும்!

படித்தவர்களோடு ஒரு மோதல்

1950-களில் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஏறி இறங்கினார். 45 கல்லூரிகளில் 5,000-க்கும் மேற்பட்ட மருத்துவ மாணவர்களின் பதில்களைத் திரட்டினார். உளவியலில் எந்தப் பட்டமும் இல்லாத ஒரு குடும்பத் தலைவி தனியாக இழுத்துப் போட்டுச் செய்த வேலை இது.

1957-ல் அமெரிக்காவின் பெரிய தேர்வு நிறுவனமான எஜுகேஷனல் டெஸ்ட்டிங் சர்வீஸ், அவர் டெஸ்ட்டைக் கையில் எடுத்தது. வாழ்க்கை செட்டில் ஆகிடுச்சுனு நினைப்பீங்க. அங்கேதான் பிரச்னை ஆரம்பித்தது. அந்த நிறுவனத்தின் உளவியலாளர்கள் ஸ்கோர்களை வரைபடமாகப் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் நிஜமாகவே இரண்டு வகை என்றால், வரைபடத்தில் இரண்டு மேடு தெரிய வேண்டும். தெரியவில்லை. பெரும்பாலானவர்கள் நடுவில்தான் குவிந்திருந்தார்கள்.

உயரத்தை வைத்து யோசிங்க. 165 சென்டிமீட்டரில் கோடு போட்டு, மேலே இருப்பவர் உயரம், கீழே இருப்பவர் குள்ளம் என்று முத்திரை குத்தினால் என்ன ஆகும்? 164-ம் 166-ம் எதிரெதிர் வகை, 166-ம் 190-ம் ஒரே வகை! எழுத்தை விட்டுவிட்டு ஸ்கோரைப் பார்க்கலாமே என்றார்கள் அவர்கள். இசபெல் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. வகை என்பது நிஜம், சரியாக அளந்தால் தெரியும் என்று நம்பினார். கேள்விகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். நிறுவனம் 1962-ல் டெஸ்ட்டை ஆராய்ச்சிக்கு மட்டும் என்று வெளியிட்டு, 1975-ல் கைகழுவியது. அதே வருஷம் வேறு ஒரு பதிப்பகம் எடுத்து விற்க ஆரம்பித்தது. அப்புறம்தான் அது உலகம் முழுக்கப் பரவியது.

புற்றுநோயோடு போராடிக்கொண்டே மகன் பீட்டரின் துணையோடு தன் புத்தகத்தை முடித்தார் இசபெல். 1980 மே மாதம், 82 வயதில் இறந்தார். அதே வருஷம் புத்தகம் வெளியானது.

அவருக்குப் பிறகு மாறிய கணக்கு

1998-ல் வந்த புதிய வடிவத்தில் 93 கேள்விகள். ஆண், பெண் இருவருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும் கேள்விகளாகப் பொறுக்கி எடுத்ததால், தனித்தனி மார்க் காணாமல்போனது. ஒவ்வொரு கேள்வியும், கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்களை எவ்வளவு தெளிவாகப் பிரிக்கிறது என்று பார்த்து மார்க் கணக்கிடும் முறை வந்தது. எழுத்தோடு கூடவே, அந்த எழுத்து எவ்வளவு தெளிவானது என்றும் சொன்னார்கள்: லேசாக, மிதமாக, தெளிவாக, மிகத் தெளிவாக. ஆனால், நடுவில் இருக்கும் கோடு மட்டும் போகவில்லை.

நீங்க ஃப்ரீயா எடுக்கிற பல ஆன்லைன் டெஸ்ட்டுகள் இசபெல் உருவாக்கியதே இல்லை. அதே எழுத்துகளைக் கடன் வாங்கி, தங்கள் சொந்தக் கணக்கில் மார்க் போடுபவை. ஆக, எழுத்து மாறிவிட்டது என்றால் உங்க குணம் தலைகீழாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நீங்க கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவராக இருக்கலாம். அன்று ஒன்றிரண்டு கேள்விக்குப் பதிலை மாற்றிப் போட்டதே போதும்.

மாப்பிள்ளை நம்மைப் போல யோசிக்கவில்லை என்பதால் அவரிடம் குறை இருக்கிறது என்று அர்த்தமில்லை. இசபெல் நாற்பது வருஷம் பாடுபட்டது இதைச் சொல்லத்தான். அதை அவரிடமிருந்து தாராளமாக எடுத்துக்கலாம். ஆனால், அந்த நாலு எழுத்தைக் காட்டி இவங்க எனக்கு செட் ஆக மாட்டாங்க என்று ஒருவரை ஒதுக்குவதற்கு முன்னால், அவர் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்க. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இன்று அந்த டெஸ்ட்டை விற்கும் நிறுவனமே சொல்கிறது. வாழ்க்கைக்கு ஆள் எடுக்க மட்டும் அது போதுமா, என்ன?