தபால் மூட்டையை எண்ணி விளம்பரம் பிடித்த காலம்: யார் இந்த ஹமீத் சயானி?

இன்றைக்கு ஒரு பிராண்டு விளம்பரம் கொடுத்தால், எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பாதியில் தள்ளிவிட்டார்கள் என்று அடுத்த நிமிஷமே கணக்கு வந்துவிடும். 70 வருஷம் முன்னாடி ரேடியோவில் அப்படி எதுவும் கிடையாது. யார் கேட்கிறார்கள் என்றே தெரியாது. அந்த இருட்டில் வழி கண்டவர்களில் முக்கியமானவர், பம்பாய் ஒலிபரப்பாளர் ஹமீத் சயானி.

வீட்டிலேயே ஆரம்பித்த பாடம்

ஹமீத் பிறந்தது 1926-இல். அம்மா குல்சும் சயானி முதியோர் கல்விக்காக உழைத்தவர். புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்காகவே எளிய நடையில் பத்திரிகை நடத்தியவர். எதிரில் இருப்பவருக்குப் புரிகிற மாதிரி பேசணும் என்பது அந்த வீட்டில் சின்ன வயசிலேயே படிந்த பழக்கம்.

ஹமீத் பம்பாய் வானொலியில் ஆங்கில ஒலிபரப்பாளராகப் பெயர் எடுத்தார். தம்பி அமீனை வானொலி நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மைக்கைப் பழக்கியதும் அவர்தான்.

கொழும்புக்குப் போன விளம்பரப் பணம்

1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார் பி.வி.கேஸ்கர். சினிமாப் பாட்டு அவருக்குப் பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அது ஏறக்குறைய காணாமலே போனது. விளம்பரத்துக்கும் அங்கே இடமில்லை.

ரேடியோ சிலோன் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. போர்க்கால ராணுவ டிரான்ஸ்மிட்டர் கையில் இருந்ததால், அதன் சிற்றலை இந்தியா முழுக்கக் கேட்டது. நிகழ்ச்சிகளைப் பம்பாயில் பதிவு செய்து, டேப்பை விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். அந்தத் தயாரிப்புக் குழுவின் தூண்களில் ஒருவர் ஹமீத்.

பற்பசையும் பாட்டும்

பினாகா பற்பசைக்காக 1952-இல் ஓர் இந்தி பாட்டு நிகழ்ச்சி தேவைப்பட்டது. பட்ஜெட் ரொம்பக் குறைவு. ஸ்கிரிப்ட் எழுதி, வழங்கி, வரும் கடிதங்களையும் பார்க்க வேண்டும். வேலை அமீன் கைக்கு வந்தது. அதுதான் 'பினாகா கீத்மாலா'.

ஏழு பாட்டு ஒலிக்கும். மக்கள் விருப்பப்படி அவற்றை வரிசைப்படுத்தி எழுத வேண்டும், சரியாக எழுதினால் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்ததாகவும், பிறகு அது வாரம் 65,000 வரை போனதாகவும் அமீன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விளம்பரதாரருக்கு அந்தத் தபால் மூட்டைதான் ஆய்வறிக்கை. எந்த ஊரில் கேட்கிறார்கள் என்பது அஞ்சல் முத்திரையிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. 1951 கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிவு சுமார் 18 சதவீதம்தான். கடிதம் எழுதத் தெரியாதவர் கேட்டாலும் கணக்கில் வரமாட்டார். பின்னாளில் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்த இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையை எடுத்துக்கொண்டார்கள். அதிலும் சிக்கல் வந்தது. நன்றாக விற்கிற தட்டு கடையில் தீர்ந்துபோனால், பாட்டு வரிசையில் இறங்கிவிடும். அதனால் நேயர் மன்றங்களின் கருத்தையும் சேர்த்தார்கள். ஒரு தகவலை இன்னொன்றை வைத்துச் சரிபார்ப்பது நுகர்வோர் ஆய்வின் அடிப்படை. அதை இவர்கள் வேலையிலேயே கற்றுக்கொண்டார்கள்.

நம்ம ஊரில் என்ன நடந்தது?

தென் தமிழ்நாட்டுக்குக் கொழும்பு பக்கம். சங்கரன்கோவிலை அடுத்த குருவிகுளம் மாதிரியான கரிசல் ஊர்களுக்கு அந்த ஒலி தெளிவாகவே எட்டும் தூரம். இங்கே இந்தி நிகழ்ச்சியை விட அதே வானொலியின் தமிழ் ஒலிபரப்புதான் ராஜா. எஸ்.பி.மயில்வாகனன் குரலுக்குத் தமிழ்நாட்டில் தனி ரசிகர் கூட்டமே இருந்தது. கோபால் பல்பொடி விளம்பரம் வீட்டுப் பேச்சாகவே ஆகிப்போனது. மொழி வேறு, சூத்திரம் ஒன்றுதான்: பிடித்த பாட்டோடு பெயரும் மனசில் தங்கும்.

போர்ன்விட்டா குவிஸ்

1957-இல் விவித பாரதியைத் தொடங்கி அகில இந்திய வானொலி இறங்கி வந்தது. 1967-இல் விளம்பரத்துக்கும் கதவு திறந்தது. 1972-இல் ஹமீத் குவிஸ் மாஸ்டராக 'போர்ன்விட்டா குவிஸ் கான்டெஸ்ட்'டைத் தொடங்கினார். முதலில் ஊர் ஊராக மேடையில், அப்புறம் வானொலியில். பானத்தை வாங்குவது பெற்றோர், கேட்டு வாங்குவது பிள்ளைகள். பொருளைப் புகழ்வதை விட, பிள்ளைகளின் அறிவைக் கொண்டாடினால் இரண்டு பேரையும் தொடலாம் என்பதுதான் இதில் உள்ள கணக்கு.

பிள்ளைகளின் ஆசையை வைத்து விற்பது சரியா என்ற கேள்வி இன்றைக்கும் தீரவில்லை. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பொது அறிவுப் பக்கம் திருப்பியதில் இந்த நிகழ்ச்சிக்குப் பங்கு உண்டு என்பதையும் மறுக்க முடியாது.

1975-இல் ஹமீத் காலமானார். ஐம்பது வயசைக்கூடத் தொடவில்லை. குவிஸை அமீன் தொடர்ந்து நடத்தினார். 1990-களில் அது டெரிக் ஓ பிரையனோடு டிவிக்குப் போனது. நடத்தியவர்கள் மாறினார்கள், ஊடகம் மாறியது. போர்ன்விட்டாவின் பெயர் மட்டும் நிகழ்ச்சியின் தலைப்பில் அப்படியே இருந்தது.